புகைச் சோதனையில் தோற்ற பழைய பிக்கப்: எந்த எண்ணுக்கு எங்கே கை வைப்பது

சோதனையில் தோற்றுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றுவது, ‘கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது’ என்பதுதான். சைலன்சர் குழாயில் உட்கார்ந்து புகையைச் சுத்தமாக்கும் பாகம் அது. நானும் ஒருமுறை அப்படி நினைத்துப் புதிது வாங்கி மாட்டினேன். வண்டி தேறியது. அடுத்த சோதனைக்குள் அந்தப் புதுக் கன்வெர்ட்டரும் செத்துப்போனது. முதல் கன்வெர்ட்டரைக் கொன்ற கோளாறு என்ஜினில் அப்படியே உட்கார்ந்திருந்தது, இரண்டாவதையும் அதுதான் தின்றது. அது ஒரு ஸ்பார்க் பிளக் ஒயர். கதையைக் கீழே சொல்கிறேன்.

அதனால் கன்வெர்ட்டரைக் கடைசிக்குத் தள்ளிவைத்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன். கார்புரேட்டர் வண்டி, இன்ஜெக்டர் வண்டி இரண்டுக்கும் சேர்த்துத்தான். டீசல் பிக்கப்புக்குத் தனியாக ஒரு சிறு பகுதி உண்டு.

சீட்டை முதலில் படியுங்கள்

தோற்றதும் கையில் கொடுக்கும் சீட்டைச் சுருட்டிப் பையில் போட்டுவிடாதீர்கள். என்ஜின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் காகிதம் வேறில்லை.

பெட்ரோல் முழுதாக எரிய 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று போதாமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு ஏறும். பெட்ரோல் எரியாமலே வெளியே போனால் ஹைட்ரோகார்பன் ஏறும். அளவுக்கு மீறிய சூட்டில் எரிந்தால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். காற்று போதவில்லையா, எரியவே இல்லையா, சூடு மிஞ்சியதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சீட்டில் கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் இருந்தால் இன்னும் நல்லது. நன்றாக எரியும் என்ஜினில் கார்பன் டை ஆக்சைடு 13 முதல் 15 சதவீதம் வரை நிற்கும். அது 10-க்கு இறங்கி, ஆக்சிஜன் பல சதவீதம் ஏறியிருந்தால் சைலன்சர் குழாயில் ஓட்டை வழியாக வெளிக்காற்று கலந்திருக்கலாம். அப்படியானால் மற்ற எண்களையும் நம்ப முடியாது. முதலில் ஓட்டையை அடைத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் என்ஜின் ஓடும் நிலை) ஒரு எண், நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஒரு எண் என்று இரண்டு இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐடிலில் மோசம், ரேஸ் கொடுத்தால் சரியாகிறது என்றால் சந்தேகம் வேக்யூம் கசிவின் மேலோ (என்ஜின் காற்றை உறிஞ்சும் வழியில் ஏதோ ஓட்டை) ஐடில் கலவையின் மேலோ போகிறது. ரேஸ் கொடுக்கக் கொடுக்க மோசமாகிறது என்றால் கேள்வி வேறு பக்கம்.

கை வைப்பதற்கு முன்

ஏர் ஃபில்டர், என்ஜின் ஆயில், கூலன்ட் அளவு. இந்த மூன்றையும் பார்க்காமல், வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை எடுக்க வேண்டாம். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் அந்த ஆயிலிலிருந்து எழும் ஆவியைப் பிசிவி வால்வ் (என்ஜினுக்குள் தேங்கும் ஆவியை உறிஞ்சும் பாதையில் உள்ள சின்ன வால்வ்) உறிஞ்சி மறுபடி என்ஜினுக்கே ஊட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆயில் மாற்றியதாலேயே தேறிய வண்டிகள் உண்டு. ஆனால் பெட்ரோல் ஆயிலுக்குள் எப்படி வந்தது என்ற கேள்வி பாக்கி இருக்கும்.

பானட்டின் உட்பக்கத்திலோ ரேடியேட்டருக்கு மேலே உள்ள சட்டத்திலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்), பிளக் இடைவெளி, பல வண்டிகளில் வேக்யூம் ஹோஸ்களின் வரைபடம் எல்லாம் அதில் இருக்கும். பழைய பிக்கப் பல கைகள் மாறியிருக்கும். ஒவ்வொரு கையும் ஒரு ஹோஸைப் பிடுங்கி, ஒரு போல்ட்டைச் சொருகி அடைத்திருக்கும். வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஹோஸாக விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். விரலுக்குக் கல்போல் இறுகினாலும், பிசுபிசுத்தாலும், முனையில் வெடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ் என்பது இந்த வேலையிலேயே மலிவான பொருள்.

கார்பன் மோனாக்சைடு அதிகம்

பெட்ரோல் கூடுதல், காற்று குறைவு. மெக்கானிக் மொழியில் ‘ரிச்’. சைலன்சர் வாய் கரியாக இருக்கும். பிளக்கைக் கழற்றினால் வறண்ட கறுப்புப் பொடி கையில் ஒட்டும்.

கார்புரேட்டர் வண்டி என்றால் என்ஜின் நன்றாகச் சூடானபின் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். குளிர் ஸ்டார்ட்டுக்காகக் காற்றைக் குறைக்கும் சோக் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். பாதி சாய்ந்து நின்றால் வண்டி எப்போதும் குளிர்காலை ஸ்டார்ட் நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கிளீனர் அடித்துத் தண்டை விடுவித்தால் போதும், சில நேரம் அதன் சுருள் கம்பி மாற வேண்டும். சோக் சரி என்றால் அடுத்தது, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிதவை. பித்தளை மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே திரவம் அலம்பும் சத்தம் கேட்டால் அதில் ஓட்டை, பெட்ரோல் குடித்துக் கனத்து மூழ்கிவிட்டது. பிளாஸ்டிக் நுரை மிதவைகளும் வருஷக்கணக்கில் பெட்ரோலில் ஊறிக் கனம் ஏறிவிடும். குலுக்கினால் தெரியாது, எடை போட்டால்தான் தெரியும். மிதவை மூடித் திறக்கும் நீடில் வால்வின் முனையில் வளையம்போல் தேய்மானக் கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இதையெல்லாம் முடித்தபின்தான் ஐடில் கலவைத் திருகு. பலரும் அதையே முதலில் திருகிவிட்டு, மூழ்கிய மிதவையைத் திருகால் சமாளிக்கப் பார்க்கிறார்கள். அது நிற்காது.

இன்ஜெக்டர் வண்டியில் நான் முதலில் பிடுங்குவது, பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸ். பழைய வண்டிகள் பலவற்றில் ரெகுலேட்டர் இன்ஜெக்டர் குழாயின் நுனியில் வெளியிலேயே தெரியும். என்ஜின் ஓடும்போது அந்தச் சின்ன ஹோஸை உருவுங்கள். உள்ளிருந்து பெட்ரோல் சொட்டினாலோ, ஹோஸ் ஈரமாக இருந்தாலோ உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது. வேக்யூம் வழியாகப் பெட்ரோல் நேராக என்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிட வேலை. சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும் என்பதால் துணியும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்தது கூலன்ட் வெப்ப சென்சார். அது ‘குளிராக இருக்கிறேன்’ என்று பொய் சொன்னால் கம்ப்யூட்டரும் பாவம் நம்பி, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். ஸ்கேனரில் என்ஜின் கொதிக்கும்போதும் மைனஸ் 40 டிகிரி காட்டினால் ஒயரோ சென்சாரோ அறுந்திருக்கிறது. சென்சார் சரியாக இருந்து, கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். என்ஜின் ஓட்ட சூட்டுக்கே வராது. நெடுஞ்சாலையில் வெப்ப முள் கீழே இறங்கிவிடும், ஹீட்டர் வெதுவெதுப்பாகவே ஊதும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையை ஒன்று சேர்க்கும் இரும்புக் குழாய்) ஒரு விரிசல் இருந்தால் அதன் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு ‘பெட்ரோல் போதவில்லை’ என்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஸ்கேனர் ‘லீன்’ என்று காட்டும், சோதனைச் சீட்டு ‘ரிச்’ என்று சொல்லும். இரண்டும் முரண்படுகிறதே என்று குழம்புவதற்கு முன்னால், ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து மேனிஃபோல்ட் பக்கம் காது கொடுங்கள். ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சூடேறியதும் மறைந்தால் விரிசல்தான். சூட்டில் இரும்பு விரிந்து விரிசலை மூடிக்கொள்வதால்தான் சத்தம் மறைகிறது. கனமான வண்டி இழுக்கும் பிக்கப்களில் மேனிஃபோல்ட் போல்ட் உடைந்து போவதும் சகஜம். கடைசி சிலிண்டர் பக்கத்தில் போல்ட் தலை இருக்கிறதா என்று ஒரு கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள்.

டாங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக் கேனிஸ்டரையும் விட்டுவிடாதீர்கள். அதிலிருந்து என்ஜினுக்குப் போகும் பர்ஜ் ஹோஸைக் கிடுக்கியால் நசுக்கிப் பிடித்தால் கார்பன் மோனாக்சைடு சட்டென்று இறங்குகிறதா? கேனிஸ்டர் பெட்ரோலில் நிறைந்திருக்கிறது, அல்லது பர்ஜ் வால்வ் மூடவில்லை.

ஹைட்ரோகார்பன் அதிகம்

இங்கேதான் அதிகம் பேர் தோற்கிறார்கள், அதிகப் பணமும் வீணாகிறது. எரியாத பெட்ரோல் வெளியே வருகிறது என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரிகிறது. மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். ஓட்டுகிறவருக்குத் தெரியாத அளவு மிஸ்ஸிங்கூடச் சீட்டில் பளிச்சென்று தெரியும்.

என் பிக்கப்பில் நடந்ததும் இதுதான். ஆறு சிலிண்டர், புது பிளக், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புது மூடி, கன்வெர்ட்டரும் புதிது. இருந்தும் இரண்டாம் முறை தோற்றது. ஒருநாள் இரவு நல்ல இருட்டில் பானட்டைத் திறந்து, விளக்கை அணைத்து, என்ஜினை ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலால் பிளக் ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனிபோல் தெளித்தேன். மூன்று நொடி ஒன்றும் இல்லை. பிறகு நான்காவது சிலிண்டர் ஒயர் மேனிஃபோல்டை உரசிச் செல்லும் இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு நூல் துள்ளியது. ‘சட் சட்’ என்று சத்தம். ஒவ்வொரு துள்ளலுக்கும் என்ஜின் ஒரு அடி தடுமாறியது. பகலில் அந்த இடத்தைப் பார்த்தால் ஒயரில் ஊசி முனை அளவு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான். அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் எரியாமல் போய் கன்வெர்ட்டருக்குள் எரிந்திருக்கிறது. உள்ளே இருந்த பீங்கான் தேன்கூடு உருகிக் கட்டியாகிவிட்டது. இரண்டு கன்வெர்ட்டரும் அப்படித்தான் போயின.

இந்த இரவுச் சோதனையைச் செய்யும்போது கையை ஒயரிலிருந்து தள்ளி வையுங்கள். தொளதொள உடையும் ஃபேனும் ஒத்துப்போகாது.

ஒயர், பிளக், மூடி, ரோட்டர் எல்லாம் சரி, ஆனாலும் ஹைட்ரோகார்பன் இறங்கவில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு எண்ணைப் பாருங்கள். அதுவும் அதிகமாக இருந்தால் கலவை ரிச், மேலே சொன்ன பகுதிக்குத் திரும்புங்கள். கார்பன் மோனாக்சைடு மிகக் குறைந்து, ஆக்சிஜன் ஏறியிருந்தால் கலவை ‘லீன்’. தீப்பிடிக்கவே பெட்ரோல் போதாமல் சிலிண்டர் தவறவிடுகிறது. காரணம் பெரும்பாலும் வேக்யூம் கசிவு. இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட், கார்புரேட்டர் அடிக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ் என்று வரிசையாக அதே தண்ணீர் ஸ்பிரேயைப் பிடியுங்கள். கசியும் இடத்தில் பட்டதும் என்ஜின் சத்தம் மாறும். சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். நன்றாக வேலை செய்யும், ஆனால் தீப்பிடிக்கும் சரக்கு. ஒயர் தீப்பொறி விடும் வண்டியில் அதை நான் தொடமாட்டேன்.

ஸ்கேனர் மாட்ட முடிந்த வண்டி என்றால் ஃப்யூவல் டிரிம் எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பதுதான் அந்த எண். கூட்டல் கழித்தல் 10-க்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஐடிலில் பிளஸ் 20, 2500 சுற்றில் பிளஸ் 5 என்று இறங்கினால் வேக்யூம் கசிவு. ஐடிலில் நன்றாக இருந்து, மேடு ஏறும்போது பிளஸ் 20 போனால் பெட்ரோல் பம்ப் களைத்துவிட்டது, ஃப்யூவல் ஃபில்டர் அடைத்துவிட்டது, அல்லது காற்று அளக்கும் சென்சாரில் தூசி.

இவை எதுவும் இல்லையென்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்க வேண்டும். பார்க்கும் முன் டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி. திருகி வைக்கும் டாப்பெட் உள்ள என்ஜின்களில் ஓடி ஓடி எக்ஸாஸ்ட் வால்வ் தன் இருக்கையில் பதிந்து, இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் வால்வ் முழுதாக மூடாது. சத்தம் வராததால் யாரும் கவனிப்பதில்லை. டாப்பெட் சத்தம் போட்டால் பயப்படுகிறோம், சத்தமே இல்லாவிட்டால் சந்தோஷப்படுகிறோம். வால்வ் எரிவதோ இரண்டாவது வகையில்தான். டாப்பெட்டைச் சரிசெய்தபின் கம்ப்ரஷன் எடுங்கள். குறைந்த சிலிண்டர், கூடின சிலிண்டரின் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். குறைந்ததில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட்.

ஆயில் எரிந்தாலும் இந்த எண் ஏறும். நீண்ட நேரம் ஐடிலில் நின்று கிளம்பும்போது ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங். ஆயில் மாற்றாமல் பிசிவி வால்வை மட்டும் மாற்றியே நீலப் புகை குறைந்த வண்டியும் உண்டு. கழற்றிக் குலுக்கினால் உள்ளே லொட லொட என்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் அடைத்திருக்கிறது.

நைட்ரஜன் ஆக்சைடு அதிகம்

வண்டிச் சக்கரங்களைச் சுழலும் உருளை மேல் ஏற்றி, சுமை கொடுத்துச் சோதிக்கும் இடத்தில்தான் இந்த எண் வரும். காலியாக ஐடிலில் நிற்கும் என்ஜினில் அவ்வளவு சூடு பிறக்காது.

பழைய பிக்கப்பில் இதற்கு முதல் சந்தேகம் ஈஜிஆர் வால்வ். எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி சிலிண்டருக்குள் விட்டு, எரியும் சூட்டைத் தணிப்பது அதன் வேலை. என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, வேக்யூம் கைப்பம்பால் வால்வைத் திறந்து பாருங்கள். என்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் வால்வும் வழியும் நன்றாக இருக்கின்றன. வால்வைத் திறக்கவேண்டிய வேக்யூம் வருகிறதா என்று ஹோஸ், சாலினாய்டு பக்கம் தேடுங்கள். வால்வ் தண்டு அசைந்தும் என்ஜின் அசையவில்லை என்றால் வழி கரியால் அடைத்திருக்கிறது. வால்வை மட்டும் புதிதாக மாற்றுகிறவர்கள் தவறுவது இங்கேதான். அடைப்பு பெரும்பாலும் வால்வில் இருக்காது, மேனிஃபோல்டுக்குள் போகும் துளையில் இருக்கும். வளைந்த கம்பியும் ஸ்குரூடிரைவரும் வைத்துச் சுரண்டினால் கரித்துண்டு அடுப்புக்கரி மாதிரி உடைந்து உடைந்து வரும். விழும் கரி என்ஜினுக்குள் போகாமல் வேக்யூம் கிளீனர் குழாயைப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் கைகள் இரண்டு நாளைக்குக் கறுப்பாக இருக்கும்.

ஈஜிஆர் சரி என்றால் டைமிங். இழுவை கூடும் என்று யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். டைமிங் லைட்டைப் பிடித்து, ஸ்டிக்கரில் உள்ள டிகிரிக்குத் திருப்பி வையுங்கள். அதற்குமுன் ஸ்டிக்கர் சொல்கிறபடி வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைக்க வேண்டுமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எண் தவறும். அப்புறம் கூலிங்: ரேடியேட்டர் பாதி அடைத்தது, ஃபேன் கிளட்ச் தளர்ந்தது, சிலிண்டருக்குள் படிந்த கரி.

ஒரு எச்சரிக்கை. கார்பன் மோனாக்சைடைக் குறைக்கிறேன் என்று கலவையை ரொம்பவும் லீனாக்கினால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். சீசா பலகை மாதிரிதான். ஒரு எண்ணில் தேறி இன்னொன்றில் தோற்று வந்தால் திருகை யாரோ அளவுக்கு மேல் திருகியிருக்கிறார்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, அல்லது ‘தயாராகவில்லை’

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களிலும் சிறிய டிரக்குகளிலும், ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும் ஓபிடி (வண்டிக் கம்ப்யூட்டர் தன் கோளாறுகளைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு) கட்டாயம் ஆனது. அப்படிப்பட்ட வண்டியில் பல இடங்களில் சைலன்சரில் குழாயே விடமாட்டார்கள், கம்ப்யூட்டரைத்தான் கேட்பார்கள். விளக்கு எரிந்தால் தோல்வி. சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒரு தடவை எரிந்து காட்டாவிட்டாலும் தோல்வி. பழைய சொந்தக்காரர் பல்பைக் கழற்றியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்கேனரில் பல பிழைக் குறியீடுகள் (மெக்கானிக்குகள் ‘கோடு’ என்பார்கள்) சேர்ந்து வந்தால் வரிசை முக்கியம். பி 0300 முதல் தொடங்கும் மிஸ்ஸிங் கோடுகளை முதலில் தீருங்கள். பி 0171 அல்லது 0174 லீன், பி 0172 ரிச், இவை அடுத்து. பி 0420 என்ற கன்வெர்ட்டர் கோடு கடைசி. மேலே உள்ளவை தீர்ந்தால் பல நேரம் அது தானாகவே திரும்ப வராது. பி 0128 தெர்மோஸ்டாட், பி 0401 ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை. இரண்டையும் மேலே பார்த்தாயிற்று.

பேட்டரியைக் கழற்றி விளக்கை அணைத்துவிட்டு நேராகச் சோதனைக்குப் போகும் தந்திரம் ஓபிடி வண்டியில் எடுபடாது. அழித்தவுடன் கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும், அதையும் அவர்கள் பார்க்கிறார்கள். எத்தனை சோதனை முடியாமல் இருக்கலாம் என்பது இடத்துக்கும் மாடல் வருஷத்துக்கும் தக்க மாறும்.

அவற்றை முடிக்க வைக்க வண்டியை ஒரு முறைப்படி ஓட்ட வேண்டும். டாங்க் கால் முதல் முக்கால் வரை இருக்கட்டும். நிறைந்திருந்தாலும் அடியில் கிடந்தாலும் பெட்ரோல் ஆவிச் சோதனையைக் கம்ப்யூட்டர் தொடங்கவே தொடங்காது. இரவு முழுக்க, எட்டு மணி நேரமாவது வண்டி நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஐடில். பிறகு நிதானமாக வேகம் எடுத்து, 80 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரே சீராக. அப்புறம் பிரேக் மிதிக்காமல் காலை எடுத்து 30-க்கு இறங்கும் வரை உருளவிடுங்கள். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்காத சாலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நகர ஓட்டம் கொஞ்சம். இரண்டு மூன்று நாள் இப்படி ஓட்டினால் பெரும்பாலும் முடிந்துவிடும். மலிவு ஸ்கேனரே எது பாக்கி என்று காட்டும், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்ரோல் ஆவி கசிகிறது

பி 0442 என்றால் சிறு கசிவு, பி 0455 பெரிய கசிவு. முதலில் டாங்க் மூடி. ரப்பர் வளையத்தில் விரல் ஓட்டிப் பாருங்கள். தட்டையாகிப் பளபளத்திருந்தால் அல்லது வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். பிக்கப்பில் இரண்டாவது இடம் பெட்ரோல் ஊற்றும் குழாயின் மேற்பகுதி. பின் சக்கரம் வாரி இறைக்கும் சேறு குழாய்க்கும் சுமை ஏற்றும் தொட்டியின் சுவருக்கும் நடுவில் அடைந்துகொண்டு, ஈரத்தை வைத்துக்கொண்டு, இரும்பை உள்ளுக்குள் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் துருதான் தெரியும், தட்டினால் உதிரும். கம்பி பிரஷ் கொண்டு சுரண்டுவதற்குமுன் புதுக் குழாய் கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள்.

பெட்ரோல் பங்கில் ஊற்றும் துப்பாக்கி தானாக நின்றபின்னும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று நிரப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த இன்னும் கொஞ்சம்தான் கரிக் கேனிஸ்டரை மூழ்கடிக்கிறது.

டீசல் பிக்கப்: கரும்புகை

இங்கே வாயுக்களை அளப்பதைவிடப் புகையின் அடர்த்தியை அளப்பதே வழக்கம். நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, என்ஜின் உச்ச சுற்றுக்குப் போகும்போது வரும் புகை வழியாக ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று கருவி பார்க்கும். டைமிங் பெல்ட் வயதானது என்றால் சோதனைக்குமுன் மாற்றிவிடுங்கள். உச்ச சுற்றில் பெல்ட் அறுந்தால் புகையைப் பற்றிப் பேச என்ஜினே இருக்காது.

கரும்புகைக்கு ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து போகும் ஹோஸில் பிளவு, சொட்டும் இன்ஜெக்டர், இழுவைக்காகப் பம்பில் கூட்டிவைத்த டீசல் என்ற வரிசையில் பாருங்கள். டர்போ ஹோஸின் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரே இடத்தில் நனைந்திருந்தால் அங்கேதான் பிளவு. ஊருக்குள் மட்டும் ஓடிய டீசல் வண்டியின் சைலன்சரில் கரி குவிந்திருக்கும். சோதனைக்குமுன் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஒரு கியர் குறைவாக வைத்து ஓட்டினால் பெரும்பகுதி வெளியே போய்விடும். சூடான பிறகும் வெள்ளைப் புகை, கூடவே கூலன்ட் குறைவு என்றால் சோதனையை மறந்துவிட்டு ஹெட் கேஸ்கெட்டைக் கவனியுங்கள்.

இப்போது கன்வெர்ட்டர்

எண்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அதிகம், என்ஜினில் குறை எதுவும் இல்லை. இப்போது கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்படலாம். ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். உள்ளே கலகலத்தால் தேன்கூடு உடைந்துவிட்டது. ஓபிடி வண்டியில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜ் வரைகோட்டை ஸ்கேனரில் பாருங்கள். முன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன்னதைப் போலவே பின்னதும் ஆடினால் அது வெறும் குழாய்.

பின் சென்சாருக்கு இடைக்குழாய் மாட்டி ஏமாற்றும் வழியைச் சொல்லித்தர ஆள் உண்டு. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், குழாய் விட்டுச் சோதிக்கும் இடத்தில் அது ஒன்றுக்கும் உதவாது.

மாற்றுவது என்று முடிவானால் உங்கள் என்ஜினுக்கும் மாடல் வருஷத்துக்கும் அனுமதிக்கப்பட்டதைத்தான் போடுங்கள். சில இடங்களில் கன்வெர்ட்டர் மேல் உள்ள எண்ணைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அப்படிப் பார்க்கிறவர்கள் ஏர் பம்ப் பெல்ட் இருக்கிறதா, ஈஜிஆர் வால்வ் கழற்றி அடைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பாகம் இல்லாவிட்டால் தோல்விதான்.

சோதனை நாள்

கன்வெர்ட்டர் ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரிக்கு மேல்தான் விழித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் மையத்துக்கு நேராகப் போவது தவறு. இருபது நிமிடம் நன்றாக ஓட்டிவிட்டுப் போங்கள். வரிசையில் நிற்கும்போது என்ஜினை அணைக்காதீர்கள். வரிசை நீளமாக இருந்தால் அவ்வப்போது 2000 சுற்றுக்குக் கொஞ்சம் ரேஸ் கொடுத்துச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஏசியை அணைத்துவிடுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், உருளையில் அதுவும் சுமைதான். தொட்டியில் கிடக்கும் செங்கல், மணல் மூட்டை எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போங்கள்.

பழைய சீட்டையும் எடுத்துப் போங்கள். இரண்டாம் முறையும் தோற்றால், பழைய எண்ணையும் புது எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஹைட்ரோகார்பன் பாதியாகிவிட்டது, நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே நிற்கிறது என்றால் நீங்கள் மாற்றிய ஒயர் வேலை செய்திருக்கிறது. இனித் தேட வேண்டியது ஈஜிஆர் துளையில்.